வேலூர் கோர்ட்டில் தினசரி வேலையும் மனநிலையும்: இளம் வழக்கறிஞர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சத்துவாச்சாரி ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்திலும், குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை என்று பழைய வட ஆற்காட்டின் மற்ற கோர்ட்டுகளிலும் தொழில் பழகும் ஜூனியர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. சட்டச் சந்தேகங்களைவிட மனச் சந்தேகங்களே அதிகம் வருகின்றன. அவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

நேர்மறை மனப்பான்மை என்கிறார்களே, அது கோர்ட்டில் வேலை செய்கிறவருக்கு ஒத்துவருமா?

ஒத்துவரும். ஆனால் மேடைப் பேச்சாளர்கள் விற்கும் சரக்கு ஒத்துவராது. "இன்று எல்லாம் நல்லதாகவே நடக்கும்" என்று கண்ணாடி முன் சொல்லிக்கொண்டு கிளம்புகிறவர், பதினொரு மணிக்கு நீதிபதி விடுப்பு என்று தெரிந்ததும் சோர்ந்து உட்கார்ந்துவிடுவார். நம் தொழிலில் நடப்பவற்றில் பெரும்பகுதி பிறர் கையில் இருக்கிறது. சாட்சி வருவது, அரசுத் தரப்பு பதில் தாக்கல் செய்வது, உத்தரவு தட்டச்சாகி வருவது, நகல் கிடைப்பது எதுவும் நம் இஷ்டத்துக்கு நடக்காது. மனுவை எப்படி எழுதினோம், வழக்கு ஆவணக் கட்டை எப்படி அடுக்கினோம், கட்சிக்காரரிடம், அதாவது வழக்கை நம்மிடம் ஒப்படைத்தவரிடம், என்ன சொன்னோம் என்பவை மட்டும் முழுக்க நம் கையில் இருக்கின்றன. அன்றைய பொழுதை இவற்றை வைத்து அளக்கப் பழகிக்கொண்டால் வேலை பிடிக்கத் தொடங்கும். தீர்ப்பை வைத்து அளந்தால், வருடத்தில் நல்ல நாட்கள் என்று சொல்லிக்கொள்ளச் சிலதான் தேறும்.

இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்லப்போவது ஏறக்குறைய இதையேதான். மற்றவை விளக்கம்.

காலையிலிருந்து காத்திருந்து வாய்தா வாங்கிக்கொண்டு திரும்புகிறேன். இதில் மனம் எப்படி ஊன்றும்?

அதிகம் வரும் கேள்வி இதுதான், நியாயமான கேள்வியும்கூட. உரிமையியல் விசாரணை முறைச் சட்டம் 17ஆம் கட்டளையைப் படித்தால், வழக்கு விசாரணையின்போது ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் தள்ளிவைக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. நம் மாநிலத்துச் சேலத்தின் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில், தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் அந்த வரம்பைத் தாண்டலாம் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் விளக்கம் சொன்னது. அந்தச் சின்ன வாசல் வழியாக எத்தனை வாய்தாக்கள் நுழைந்து போகின்றன என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே வாய்தாவை ஒழிப்பது எப்படி என்று யோசிப்பதைவிட, வாய்தா நாளில் எதை முடிக்கலாம் என்று யோசிப்பது நல்லது. என் ஜூனியர்களிடம் நான் சொல்வது ஒரே ஒரு வேலை: வழக்கு கூப்பிடும்வரை அந்த வழக்கின் கட்டை மடியில் வைத்துக்கொண்டு முதல் தாளிலிருந்து படியுங்கள். கைப்பேசியை வெளியே எடுக்காதீர்கள்.

நிலத் தகராறு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிராதின் (வழக்கு மனுவின்) சொத்து விவரத்தில் சர்வே எண் 112/2 என்று இருக்கும். கிரயப் பத்திரத்திலும் அதுவே இருக்கும். பட்டாவைப் பார்த்தால் உட்பிரிவு ஆகி 112/2ஏ என்று வந்திருக்கும். நான்கு எல்லைகளில் கிழக்கு எல்லையாக ஒருவர் நிலத்தைச் சொல்லியிருப்பார்கள். அந்த நிலம் கைமாறிப் பல காலம் ஆகியிருக்கும். தாக்கல் செய்த அன்று இதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மெல்ல அந்தப் பட்டாவைச் சாட்சியிடம் நீட்டும்போதுதான் தெரியவரும். வாய்தா நாளில் கட்டைப் படித்தவர் திருத்த மனு போட்டு முன்கூட்டியே சரிசெய்திருப்பார். அப்படி ஒரு பிழையைப் பிடித்த நாள், வெறும் வாய்தா வாங்கிய நாளாக நினைவில் தங்காது. வேண்டுமானால் இந்த வாரம் ஒரு கட்டில் செய்து பாருங்கள்.

கட்டும் படித்தாகிவிட்டது, இன்னும் கூப்பிடவில்லை என்றால் அந்த ஹாலிலேயே உட்கார்ந்து மற்றவர்களின் குறுக்கு விசாரணையைக் கேளுங்கள். அனுபவசாலி ஒருவர் எந்த இடத்தில் கேள்வியை நிறுத்துகிறார் என்பதைப் பாருங்கள். கேட்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், நிறுத்தத் தெரிந்தவர்கள்தான் குறைவு. புத்தகம் படித்து இது வராது, கட்டணம் கொடுத்தும் கற்க முடியாது. கோர்ட் ஹாலில் இலவசமாகக் கிடைக்கிறது.

கடைசியாக, கட்சிக்காரரை நினைத்துப் பாருங்கள். உங்களுக்கு வாய்தா ஒரு மதியப் பொழுது. ஒடுகத்தூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவருக்கு அது ஒரு நாள் கூலி. அன்றைக்கு அவர் வந்துதான் ஆகவேண்டுமா என்று முதல் நாளே வழக்குப் பட்டியலைப் பார்த்துச் சொல்லிவிட்டால், அவர் உங்களை மறக்கவே மாட்டார்.

சீனியர் கட்டு தூக்கத்தான் வைத்திருக்கிறார். எப்போது வாதாடுவது?

கட்டு தூக்குவது கேவலம் இல்லை. தூக்குகிற கட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் தூக்குவதுதான் வீண். குமாஸ்தாவோடு சேர்ந்து தாக்கல் பிரிவுக்குப் போங்கள். கோர்ட் கட்டணம் எப்படிக் கணக்கிடுகிறார்கள், மனு ஏன் திருப்பப்படுகிறது, எந்தப் படிவம் எந்த மேஜைக்குப் போகிறது என்பதெல்லாம் நல்ல குமாஸ்தாவுக்கு மனப்பாடம். பட்டம் வாங்கிய பலருக்கு அது தெரியாது. அவரை அண்ணன் என்று கூப்பிட்டுக் கேட்டால் சொல்லித்தருவார்.

ஆனால் இரண்டு மூன்று வருடமாகியும் ஒரு சாட்சியைக்கூட விசாரிக்க விடவில்லை என்றால், நேரடியாகக் கேட்டுவிடுங்கள். "ஐயா, இந்தச் சின்ன வழக்கில் முதல் விசாரணையை நான் செய்யட்டுமா?" என்று குறிப்பிட்ட ஒரு வழக்கைச் சொல்லிக் கேட்க வேண்டும். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். அப்படியும் மறுத்தால் வேறு அலுவலகம் பார்ப்பதில் தவறேதும் இல்லை. பொறுமையைப் புகழ்ந்து பேசும் சீனியர்களில் சிலருக்கு, ஜூனியரின் பொறுமை வசதியாக இருக்கிறது என்பதும் உண்டு.

வருமானமே இல்லாதபோது உற்சாகம் எங்கிருந்து வரும்?

வராது. வாடகை கட்ட முடியாதவரிடம் மனநிலையை மாற்றிக்கொள் என்று சொல்வது பொறுப்பற்ற பேச்சு. இதை மனப் பிரச்சினையாகப் பார்க்காமல் பணப் பிரச்சினையாகவே பார்க்க வேண்டும்.

சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் உத்தரவிட்டதைத் தொடர்ந்து, ஜூனியர்களுக்கு மாத உதவித்தொகை தரவேண்டும் என்று தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில் சுற்றறிக்கை அனுப்பியது. சென்னை, மதுரை, கோவையில் குறைந்தது 20,000 ரூபாய். மற்ற ஊர்களில் 15,000 ரூபாய். வேலூர் இரண்டாவது வகையில் வருகிறது. எல்லா அலுவலகங்களும் இதைக் கொடுக்கின்றனவா என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும். இருந்தாலும், கேட்கும்போது காலுக்குக் கீழே ஓர் ஆதாரம் இருக்கிறது. முன்பு அதுவும் இல்லை.

சொந்தமாகத் தொழில் தொடங்கியவர்களுக்கு: கட்டணத்தை முதல் நாளே பேசி, ஒரு தாளில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். இத்தனை ரூபாய் முன்பணம், சாட்சி விசாரணை தொடங்கும்போது இவ்வளவு, வாதத்தின்போது இவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள். வாங்கிய பணத்துக்கு ரசீது கொடுங்கள். நம் ஊரில் பணம் பேசக் கூச்சப்படுகிறோம். பிறகு அந்தக் கூச்சம் கசப்பாக மாறி, கட்சிக்காரரின் பெயரைக் கைப்பேசியில் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. வேலை பிடிக்கவில்லை என்று என்னிடம் வந்த பலரிடம் துருவிக் கேட்டால், கடைசியில் வசூலாகாத கட்டணம்தான் காரணமாக இருக்கும்.

தேதி தவறிவிடுமோ என்ற பயம் தூங்கவிடவில்லை. என்ன செய்வது?

இந்தப் பயம் நல்ல பயம். அதை மனதில் வைத்துக்கொள்ளாமல் தாளில் இறக்கிவைத்துவிட வேண்டும்.

காசோலை வழக்கு வந்தால், செலாவணி முறிச் சட்டம் 138இன்படி வங்கியிலிருந்து காசோலை திரும்பிய தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அறிவிப்பைப் பெற்றவருக்குப் பணம் செலுத்த 15 நாட்கள். அது கடந்தபின் ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும். கட்சிக்காரர் உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே இந்தத் தேதிகளைக் கணக்கிட்டு நாட்குறிப்பில் எழுதுங்கள். பிரதிவாதி தரும் பதிலான எதிர்வழக்குரைக்கு 30 நாட்கள், நீதிமன்றம் காரணத்தை ஏற்றுக்கொண்டால் 90 வரை. இதையும் அழைப்பாணையைப் பார்த்த அன்றே எழுதுங்கள். கடைசித் தேதியோடு, அதற்குப் பத்து நாள் முந்திய தேதியையும் எழுதிவையுங்கள். ஒரு நாட்குறிப்பு உங்களிடம், இன்னொன்று அலுவலக மேஜையில். கைப்பேசி நினைவூட்டல் மூன்றாவதாக இருக்கட்டும், முதலாவதாக வேண்டாம்.

தாளில் எழுதாத தேதிதான் இரவு இரண்டு மணிக்கு எழுப்பும்.

தோற்றுவிட்டால் எப்படி எழுந்து நிற்பது?

ஒவ்வொரு வழக்கிலும் ஒரு தரப்பு தோற்றே ஆகவேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்திருந்தும் வலிக்கிறது. வலிக்காதவரிடம் நான் வழக்கு கொடுக்க மாட்டேன்.

தீர்ப்பு வந்த அன்று செய்யவேண்டியவை கொஞ்சம்தான். சான்றிட்ட நகலுக்கு அன்றே மனுப் போடுங்கள். உரிமையியல் மேல்முறையீட்டுக்கு மாவட்ட அளவிலான நீதிமன்றம் என்றால் 30 நாட்கள், உயர் நீதிமன்றம் என்றால் 90 நாட்கள். நகல் பெற ஆகும் காலம் இந்த நாட்கணக்கில் சேராது. நகல் மனுவைக் கொடுத்துவிட்டுத்தான் வருத்தப்பட வேண்டும்.

பிறகு கட்சிக்காரர். வராந்தாவில் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். "ஜெயித்தோமா ஐயா?" என்று கேட்பார். இங்கே பலரும் சுற்றி வளைக்கிறார்கள்: நீதிபதி சரியில்லை, எதிர்த்தரப்பு ஏதோ செய்துவிட்டது, மேலே பார்த்துக்கொள்ளலாம் என்று. அப்படிச் சொல்லாதீர்கள். "இல்லை. இந்த ஆவணத்தை நீதிமன்றம் நம்பவில்லை. மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது, செலவு இவ்வளவு ஆகும், வாய்ப்பு இந்த அளவு. யோசித்துவிட்டு அடுத்த வாரம் சொல்லுங்கள்" என்று நேராகச் சொல்லுங்கள். ஒரு மரத்தடியிலோ டீக்கடை பெஞ்சிலோ உட்கார வைத்துச் சொல்லுங்கள், நிற்கவைத்துச் சொல்லாதீர்கள். உண்மையைச் சொல்லிவிட்ட பின் வீட்டுக்குப் போகும் வழியில் நெஞ்சு லேசாக இருக்கும். புளுகிவிட்டுப் போனால், அடுத்த சந்திப்புக்கு இன்னொரு புளுகு தயாரிக்க வேண்டும்.

சில நாள் கழித்து, தோற்ற தீர்ப்பை எதிர்த்தரப்பின் கண்ணால் ஒருமுறை படியுங்கள். அவர் செய்ததில் எது வேலை செய்தது என்று ஒரு பக்கம் எழுதிவையுங்கள். ஜெயித்த வழக்கில் இப்படி யாரும் எழுதிவைப்பதில்லை. அதனால்தான் ஜெயித்த வழக்குகள் அதிகம் கற்றுத்தருவதில்லை.

நீதிபதி எல்லோர் முன்னிலும் கடிந்துகொண்டார். மறுநாள் அந்த ஹாலுக்குள் போகவே கூசுகிறது.

போய்விடுங்கள். நீதிபதிக்கு அன்று நூற்றுக்கணக்கான கட்டுகள். உங்களைக் கடிந்துகொண்டது அவருக்கு மாலைக்குள் மறந்திருக்கும். பார்த்துக்கொண்டிருந்த மற்ற வழக்கறிஞர்களுக்கும் அப்படியே, ஏனென்றால் அவர்களும் ஒருநாள் அதே இடத்தில் நின்றவர்கள்தான். கடிந்ததில் சரக்கு இருந்தால், அதாவது கட்டில் தாள் இல்லை, தீர்ப்பு நகல் கொண்டுவரவில்லை என்றால், மறுநாள் அதை எடுத்துக்கொண்டு போங்கள். சரக்கு இல்லாத கோபம் என்றால், வெயில் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வெயில் என்றதும் ஞாபகம் வருகிறது: ஏப்ரல், மேயில் கருப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு எப்படி உற்சாகமாக இருப்பது?

போடாதீர்கள். உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள் தவிர மற்ற நீதிமன்றங்களில் கோடைக் காலத்தில் கருப்புக் கோட்டு கட்டாயமில்லை என்று பார் கவுன்சில் விதியே சொல்கிறது. வேலூர் வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும் ஊர். விதி அனுமதிக்கும்போதும் கோட்டோடு வெந்துகொண்டிருப்பது தொழில்பக்தி ஆகாது. கழுத்துப் பட்டை மட்டும் மறக்க வேண்டாம்.

கட்சிக்காரர் நேரம் காலம் இல்லாமல் போன் செய்கிறார். எடுக்காவிட்டால் கோபிக்கிறார். எடுத்தால் என் வீட்டில் கோபிக்கிறார்கள்.

அவர் ஏன் கூப்பிடுகிறார் என்று பாருங்கள். பத்தில் எட்டு அழைப்பு "அடுத்த தேதி எப்போது?" என்பதாகத்தான் இருக்கும். கோர்ட்டிலிருந்து வெளியே வந்த உடனே, படிக்கட்டில் நின்றபடியே இரண்டு வரி அனுப்பிவிடுங்கள்: இன்று இது நடந்தது, அடுத்த தேதி இது, நீங்கள் வரவேண்டும் அல்லது வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் அதையே குரல்பதிவாக அனுப்புங்கள். மாலை ஆறு முதல் எட்டு வரை அலுவலகத்தில் பேசலாம் என்று வக்காலத்து (தன் சார்பில் வாதாட உங்களுக்கு அதிகாரம் தரும் தாள்) கையெழுத்தாகும் அன்றே சொல்லிவிடுங்கள். கைது, காவல் நிலையம் போன்ற அவசரத்துக்கு மட்டும் எந்த நேரமும் கூப்பிடலாம் என்றும் சொல்லுங்கள். இந்த விதிவிலக்கைச் சொல்லிவிட்டால் மக்கள் மற்ற வரம்பை மதிக்கிறார்கள். நம் ஜனங்கள் அநியாயக்காரர்கள் இல்லை. அவர்களுக்கு யாரும் எதையும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

கட்சிக்காரரின் துன்பத்தை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள் என்று அறிவுரை சொல்வார்கள். குடும்ப நீதிமன்றத்தில் ஒரு குழந்தை அப்பாவிடம் போக மறுத்து அழுவதைப் பார்த்துவிட்டு, கேட்டைத் தாண்டியதும் அதை உதறிவிட முடியுமா? முடியாது. வீட்டில் ஒருவரிடம் பெயர் சொல்லாமல் அந்தப் பாரத்தை இறக்கிவைக்கலாம். பெயர், ஊர், விவரம் எதுவும் வாயிலிருந்து வரக்கூடாது. கட்சிக்காரரின் ரகசியத்தைக் காப்பது நம் கடமை.

புதிய குற்றவியல் சட்டங்கள் வந்ததிலிருந்து படித்ததெல்லாம் வீணாகிவிட்டதுபோல் இருக்கிறது.

2024 ஜூலை 1 முதல் மூன்று சட்டங்களும் மாறின. 302 என்றால் கொலை என்று சினிமா பார்ப்பவர்களுக்கும் தெரியும். இப்போது அது, பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 103. மோசடிக்காரனைத் திட்டும் சொல்லாகவே ஆகிவிட்ட 420 இப்போது 318இன் உட்பிரிவு. பெரிய வேடிக்கை 482. பழைய குற்றவியல் விசாரணை முறைச் சட்டத்தில் அது உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதே எண் முன்ஜாமீன். உள்ளார்ந்த அதிகாரம் 528க்குப் போய்விட்டது. பல காலம் தொழில் செய்தவர்களும் "நானூற்று எண்பத்திரண்டு" என்று தொடங்கிவிட்டு ஒரு கணம் தடுமாறுகிறார்கள்.

ஜூனியர்களுக்கு இது அதிர்ஷ்டம் என்பேன். சீனியரும் ஜூனியரும் ஒரே கோட்டிலிருந்து ஓடத் தொடங்கும் சந்தர்ப்பம் இந்தத் தொழிலில் அடிக்கடி வருவதில்லை. தினமும் ஐந்து பிரிவுகள், பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் படியுங்கள். 2024 ஜூலைக்கு முன்பு நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும் என்பதால் பழைய படிப்பும் வீணாகவில்லை. கொஞ்ச நாளில் சீனியரே உங்களைத் திரும்பிப் பார்த்து "அது எந்தப் பிரிவுப்பா?" என்று கேட்பார்.

பெண் வழக்கறிஞர்: கட்சிக்காரர் உள்ளே வந்ததும் "வக்கீல் ஐயா இல்லையா?" என்கிறார். சிரித்துக்கொண்டே கடந்துபோக வேண்டுமா?

வேண்டாம். "நான்தான் வக்கீல், உட்காருங்கள்" என்று சொல்லிவிட்டு அவர் ஆவணங்களைக் கையில் வாங்குங்கள். முதல் மூன்று கேள்வியில் அவருக்கு விளங்கிவிடும். பெண் என்பதற்காகத் தொழில் செய்யத் தடையில்லை என்று சட்டம் வந்தது 1923இல். நூறு வருடம் கழிந்தும் இந்தக் கேள்வி வருகிறதே என்ற கோபம் நியாயமானது. அதை நேர்மறை மனப்பான்மை என்ற பெயரில் விழுங்கத் தேவையில்லை.

அலுவலகத்திலோ வளாகத்திலோ சீண்டல், ஆபாசப் பேச்சு என்று போனால் அது மனநிலை விவகாரமே கிடையாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தேதி, நேரம், யார் இருந்தார்கள் என்று அன்றே எழுதிவையுங்கள், எழுத்துமூலம் புகார் கொடுங்கள். "அனுசரித்துப் போம்மா" என்று சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

சமரசம் செய்துவைத்தால் நம் பிழைப்பு போய்விடாதா?

வாழ்நாள் முழுக்க ஒரே பாகப்பிரிவினை வழக்கை வைத்துப் பிழைத்தவர்கள் முந்திய தலைமுறையில் இருந்திருக்கலாம். இன்று கட்சிக்காரர்கள் விசாரித்துவிட்டுத்தான் வருகிறார்கள். சீக்கிரம் முடித்துக்கொடுத்தவர் என்ற பெயர் வந்துவிட்டால் ஊரே வந்து நிற்கும். மக்கள் நீதிமன்றத்தில் முடித்தால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும், மேல்முறையீடு கிடையாது, அன்றே முடிகிறது. அண்ணனும் தம்பியும் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரே ஆட்டோவில் ஏறிப் போவதைப் பார்க்கும் சந்தோஷம் எந்தத் தீர்ப்பிலும் கிடைக்காது. ஆனால் அடிபட்டு வந்த மனைவியையும் அடித்த கணவனையும் "பேசி முடித்துக்கொள்ளுங்கள்" என்று தள்ளாதீர்கள். எல்லா வழக்கும் சமரசத்துக்கு உரியது இல்லை.

இந்தச் சின்னச் சின்ன மனுக்களால் யாருக்கு என்ன பயன்?

நம் மாவட்டத்தின் பெயரைத் தாங்கிய வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு பற்றிய வழக்கு. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும், கேடு வரும் என்று தெரிந்தால் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில் அறிவித்தது. மாசுபடுத்திய தொழிற்சாலைகள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட உத்தரவு. சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு பசுமை அமர்வு வேண்டும் என்றும் சொன்னது. சட்டக் கல்லூரி மாணவர்கள் நாடு முழுக்க அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். "வேலூர்" என்ற பெயரை அதனால்தான் அறிந்தவர்களும் உண்டு.

அந்தத் தீர்ப்பை முழுக்கப் படியுங்கள். உச்ச நீதிமன்றத்தில் வாதாடிய எம்.சி. மேத்தாவின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அதே தீர்ப்புக்குள், சட்ட உதவி வாரியம் கேட்டுக்கொண்டதற்காக நேரில் போய்ப் பார்த்து அறிக்கை கொடுத்த இரண்டு வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போனது என்று வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையம் எடுத்த கணக்கும் இருக்கிறது. நேரில் போய்ப் பார்த்து, கேட்டு, எழுதிய வேலை அது. அன்று அது எங்கே போய்ச் சேரும் என்று அவர்களுக்கு உறுதியாகத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பாலாறு சுத்தமாகிவிட்டதா என்றால் இல்லை. 2025 ஜனவரியிலும் அதே மாசு பற்றி உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே இதை வெற்றிக் கதையாக நான் சொல்லவில்லை. நேரில் பார்த்ததைப் பற்றி ஒருவர் சரியாக எழுதிய குறிப்பு, பல ஆண்டுகள் கழித்தும் ஒரு நீதிபதியின் கையில் பயன்பட்டது. நீங்கள் இன்று எழுதும் மனுவும் சரியாக இருந்தால் அதற்கும் அந்த ஆயுள் உண்டு.

இலவசச் சட்ட உதவி வழக்குகளை எடுத்தால் நேரம் வீணாகுமா?

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் பட்டியலில் பெயர் கொடுங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே உதவி உண்டு. கட்டணம் குறைவுதான். ஆனால் தொடக்கத்தில் இருக்கும் ஒருவருக்கு முழு வழக்கைத் தனியாக நடத்த இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. தொரப்பாடி சிறைக்குப் போய், வழக்கறிஞரே இல்லாத ஒருவரின் ஜாமீன் மனுவை எழுதி, அவர் வெளியே வந்துவிட்டார் என்றால் அந்த வாரம் முழுக்க உங்களுக்கு உற்சாகத்துக்கு அறிவுரை தேவைப்படாது.

எல்லாம் செய்தும் தூக்கம் இல்லை, எதிலும் விருப்பம் இல்லை, மாலையானால் குடிக்கத் தோன்றுகிறது.

இது மனப்பான்மைப் பிரச்சினை இல்லை, மருத்துவப் பிரச்சினை. இங்கே என் அறிவுரைகளை மூடிவைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் 1957 முதல் இருக்கிறது. நோயாளியோடு குடும்பத்தாரையும் உடன் தங்கவைத்துச் சிகிச்சை தரும் முறைக்குப் பெயர்பெற்ற இடம் அது. வெளிமாநிலங்களிலிருந்து ரயில் ஏறிக் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். நாம் டவுன் பஸ்ஸில் போய்விடலாம். நேரில் போகத் தயங்கினால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தயங்குகிறவர்களுக்கு: பார்க்கிறவரும் அங்கேதான் வந்திருப்பார்.

கோர்ட்டில் உடன் வேலை செய்யும் நண்பர் சில வாரங்களாக வழக்குகளுக்கு வராமலே இருந்தால், கிண்டல் செய்யாமல் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். அவருடைய அந்த வாரத்து வாய்தாக்களை நீங்கள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லுங்கள். ஆறுதல் வார்த்தையைவிட அது பெரிய உதவி.

உண்மையிலேயே இந்த வேலை எனக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்துவிட்டால்?

அப்போதும் சட்டப் படிப்பு கையில் இருக்கிறது. குற்றவியல் அரசு உதவி வழக்கறிஞர் தேர்வை டி.என்.பி.எஸ்.சி. நடத்துகிறது, உரிமையியல் நீதிபதி தேர்வையும் அதுவே நடத்துகிறது. பின்னதற்கு மூன்று ஆண்டு தொழில் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மீண்டும் விதித்துவிட்டதால், வெறுப்போடு ஓட்டிய வருடங்களும் கணக்கில் சேரும். நோட்டரி ஆகப் பத்து ஆண்டு அனுபவம் வேண்டும். பெண்களுக்கும் பட்டியல், பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் ஏழு ஆண்டு. வங்கி, நிறுவனம் என்று முழுநேரச் சம்பள வேலைக்குப் போவதானால், சேருமுன் பார் கவுன்சிலுக்கு விண்ணப்பித்துப் பதிவை நிறுத்திவையுங்கள். திரும்பி வர நினைத்தால் மீண்டும் தொடரலாம். போகுமுன் கையிலுள்ள ஒவ்வொரு கட்டையும் கட்சிக்காரரிடமோ புதிய வழக்கறிஞரிடமோ கொடுத்து, தடையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொடுங்கள். கட்டண பாக்கிக்காகக் கட்டைப் பிடித்துவைக்கும் உரிமை நமக்கு இல்லை.